சுஷி கிரேட் வேண்டாம், ஐஸ் போட்ட மீன் தாருங்கள்



நம்ம கரையோர ஊர்களுக்கு ஒரு புதுச் சொல் வந்திருக்கிறது. ‘சுஷி கிரேட்’. கொழும்பில் படிக்கும் பிள்ளைகளும், கட்டாரிலிருந்தும் டுபாயிலிருந்தும் லீவில் வரும் தம்பிமாரும் வீட்டில் சுஷி செய்து பார்க்க ஆசைப்படுகிறார்கள். மீன் சந்தைக்குப் போய் “சுஷி கிரேட் கெலவல்லா இருக்கா?” என்று கேட்கிறார்கள். வியாபாரியும் “இரிக்கி தம்பி, இப்பதான் வந்த மீன்” என்கிறார். வழமையான விலைக்கு மேல் ஒரு தொகை வைத்து, வெயிலில் கிடந்த அதே பலகையிலிருந்து வெட்டிக் கொடுக்கிறார்.

சுஷி சாப்பிடுகிறவர்களோடு நமக்கு ஒரு வழக்கும் இல்லை. நம் வழக்கு அந்தப் பலகையோடுதான்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். சுஷி கிரேட் என்று ஒரு மீன் கடலில் இல்லை. சட்டத்திலும் அப்படி ஒரு தரம் இல்லை. அமெரிக்காவிலேயே அது வியாபாரிகள் வைத்துக்கொண்ட பெயர்தான். அந்தப் பெயருக்குப் பின்னால் உண்மையாக இருப்பது வேலையும் ஐஸும். கெலவல்லா தூண்டிலில் போராடும்போது அதன் உடல் கடல்நீரை விடச் சூடாகிவிடும். அதனால் பச்சையாகச் சாப்பிடப் போகும் மீனைப் பிடித்தவுடனேயே மூளையில் குத்திக் கொன்று, இரத்தத்தை வடிய விட்டு, செவுளையும் குடலையும் எடுத்து, ஐஸும் தண்ணீரும் கலந்த தொட்டியில் இறக்குகிறார்கள். அதன்பிறகு வாங்குகிறவர் கைக்குப் போகும் வரை அந்தக் குளிர் விடுபடக் கூடாது. இடையில் இரண்டு மணித்தியாலம் வெயிலில் கிடந்தால், முன்பு பட்ட பாடெல்லாம் வீண்.

இது நம் நாட்டில் நடக்காத காரியமா? நடக்கிறது. வாழைச்சேனை, திருகோணமலை, நீர்கொழும்பு, திக்கோவிட்ட, பேருவளை என்று பலநாள் படகுகள் வந்து சேரும் துறைமுகங்களைப் பாருங்கள். ஏற்றுமதிக்கு வாங்குகிறவர் மெல்லிய உலோகக் குழாயை மீனுக்குள் குத்தி, ஒரு துண்டுச் சதையை எடுத்து, நிறத்தையும் கொழுப்பையும் பார்க்கிறார். மீனின் சூட்டை அளக்கிறார். தேறியது பெட்டியில் ஐஸோடு கட்டுநாயக்கா போய் விமானம் ஏறுகிறது. தேறாதது உள்ளூர்ச் சந்தைக்கு வருகிறது.

ஏற்றுமதி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. டொலர் இல்லாமல் நாடு பட்ட பாட்டை 2022இல் கண்டவர்கள்தானே நாம். நமக்குக் கிடைப்பது இரண்டாம் தர மீன் என்றாலும் பரவாயில்லை. அந்த இரண்டாம் தர மீனுக்கும் ஐஸ் இல்லை என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது.

2014 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை அறிவித்தது. 2015 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆழ்கடலில் சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்பது குற்றச்சாட்டு. உடனே என்ன நடந்தது? படகுகளுக்குச் செய்மதிக் கண்காணிப்புக் கருவி வந்தது. சட்டம் இறுகியது. 2016 ஜூனில் தடை நீங்கியது. வாங்குகிறவன் ‘மாட்டேன்’ என்று சொன்னதால் ஒன்றரை வருடத்துக்குள் முடிந்த வேலை அது. நாமும் வாங்குகிறவர்கள்தான். நாம் ஒரு நாளும் ‘மாட்டேன்’ என்று சொன்னதில்லை.

“நாங்க கறிதானே ஆக்குறோம், நல்லா வேக வைச்சாச் சரி” என்பார்கள். இந்தப் பேச்சுத்தான் ஆபத்தானது. சூரை, கெலவல்லா, கும்பிளா, சாளை போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால், அவற்றின் சதையில் கிருமிகள் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. கிருமி நெருப்பில் செத்துவிடும். ஹிஸ்டமின் அழியாது. அவித்தாலும் பொரித்தாலும் ஆணம் ஆக்கினாலும் அது அப்படியே இருக்கும். டின்னில் அடைத்தாலும் போகாது. மணத்திலும் எப்போதும் பிடிபடாது.

சாப்பிட்டுச் சில நிமிடங்களில், அல்லது ஓரிரு மணித்தியாலத்தில், முகம் சிவக்கும். வாய் எரியும். தலை இடிக்கும். உடம்பு தடிக்கும். சிலருக்கு வயிற்றோட்டமும் வரும். பார்க்க அலர்ஜி போலவே இருக்கும். பகல் இடைவேளைக்குப் பிறகு முகம் சிவந்து, சொறிந்துகொண்டு நிற்கும் பிள்ளைகளை ஆசிரியர்களாகிய நாங்கள் வகுப்பில் காண்கிறோம். உம்மாவிடம் கேட்டால் “புள்ளைக்கு மீன் ஒத்துக்காது சேர்” என்பார். போன கிழமை அதே மீனைச் சாப்பிட்டு ஒன்றும் ஆகாத பிள்ளை அது. பிள்ளை மீதும் மீன் மீதும் பழி போடுவதற்கு முன், அந்த மீன் எத்தனை மணித்தியாலம் ஐஸ் இல்லாமல் கிடந்தது என்று கேட்க வேண்டாமா?

ஐரோப்பாவுக்குப் போகும் சூரை வகை மீனில் ஒரு தொகுதிக்கு 9 மாதிரிகள் எடுக்க வேண்டும். சராசரி ஹிஸ்டமின் கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஒரு மாதிரியாவது 200ஐத் தாண்டினால் முழுத் தொகுதியும் தள்ளுபடி. அங்குள்ள பிள்ளைக்கு இவ்வளவு கணக்கு. நம்ம பிள்ளைக்கு ஒரு சிரட்டை ஐஸ் கூட இல்லை. மீன் காயக் காய ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பளபளப்பாக்குகிறார்கள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்பாரும் இல்லை.

நாம் உணவில் கவனமில்லாத சமூகமும் அல்ல. சுஷி என்றதும் “சோத்துக்கு மிரின் போட்டிருக்கா? அதுல மது இருக்காமே?” என்று கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அல்லாஹ் ஹலாலோடு தய்யிபையும் சேர்த்தே சொல்லியிருக்கிறான். மீனுக்கு அறுப்பு இல்லை என்பதால் நம் விசாரணையும் அதோடு முடிந்துவிடுகிறது. தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் நனைந்திருந்ததைக் கண்டு, அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியிடம் கேட்ட நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். இன்று வந்த மீனை மேலே அடுக்கி, நேற்றைய மீனை அடியில் வைக்கும் பலகைக்கு முன்னால் மட்டும் ஏன் மௌனம்?

“பாவம், மீன்காரன் ஏழை, ஐஸுக்கு எங்க போவான்?” இது நியாயமான கேள்வி. மீனவரின் கஷ்டம் நமக்குத் தெரியாததல்ல. 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்தின் வாயை மணல் அடைத்து, அவர்கள் படும் பாட்டை ஊரே பார்க்கிறது. அதனால்தான் சொல்கிறோம், ஐஸுக்கான செலவை அவர் தலையில் மட்டும் கட்டக் கூடாது. நம்மைப் போன்ற வெப்பமான இடத்தில் ஒரு கிலோ மீனுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ ஐஸ் வேண்டும். அதற்காக விலை கொஞ்சம் கூடினால் கொடுப்போம். கெட்டுப்போன மீனைத் தின்று மருந்துக்குக் கொடுக்கும் காசை விட அது குறைவுதான்.

நாம் கேட்பவை பெரிய விஷயங்கள் அல்ல.

சந்தைக் கடைகளைக் குத்தகைக்கு விடுவது நம்ம சபைகள்தான். அடுத்த குத்தகை ஒப்பந்தத்தில் நிழல், குழாய்த் தண்ணீர், ஐஸ் மூன்றையும் நிபந்தனையாக எழுதட்டும். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் கையில் இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் ஹோட்டல் குசினியைப் பார்ப்பது போல மீன் பலகையையும் பார்க்கட்டும். பள்ளிவாசல் நிர்வாகங்களும் மீனவர் சங்கங்களும் சேர்ந்து, ரிஜிபோம் பெட்டியும் ஐஸும் மலிவாகக் கிடைக்க வழி செய்யட்டும். ஒரு ஜும்ஆவில் இதைப் பேசட்டும்.

வாங்கப் போகும் நாமும் நான்கு விஷயம் பார்ப்போம். ஐஸுக்குள் இருக்கும் மீனை மட்டும் வாங்குவோம். கையால் தொட்டுப் பார்ப்போம். மீன் சில்லென்று இருக்க வேண்டும். கண் குழி விழாமலும் செவுள் சிவப்பாகவும் இருக்கிறதா என்று பார்ப்போம். வாங்கியதை மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டு ஊர் சுற்றாமல் நேரே வீட்டுக்குக் கொண்டு போவோம்.

சுஷி ஆசையுள்ள தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. பாரை, அறக்குளா போன்றவற்றைச் சந்தையில் வாங்கிப் பச்சையாகத் தின்னாதீர்கள். ஆற்று மீன், குளத்து மீன் பக்கமே போகாதீர்கள். புழு இருந்தால் தேசிக்காய்ப் புளியும் வினாகிரியும் அதைக் கொல்லாது. அதற்கு மறை 20 பாகைக் குளிரில் 7 நாள் வைக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. வீட்டுப் பிரிட்ஜின் ஃப்ரீசர் அந்தக் குளிரைப் பிடித்து நிற்கும் என்று நம்ப முடியாது. பெரிய சூரை வகைகளில் புழுப் பயம் குறைவு, ஹிஸ்டமின் பயம் குறைவில்லை. அதை ஃப்ரீசரும் போக்காது. நம்ம சந்தை இப்படி இருக்கும் வரை வெள்ளரிக்காயும் அவித்த இறாலும் வைத்துச் சுருட்டுங்கள். அதுவும் சுஷிதான்.

பச்சையாகத் தின்னும் வசதியானவனுக்கு ஒரு மீன், ஆணம் ஆக்கும் ஏழைக்கு ஒரு மீன் என்ற பிரிவை நாம் ஏற்கக் கூடாது. நாளைக் காலை சந்தைக்குப் போகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன் “ஐஸ் எங்க நானா?” என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் சிரிப்பார்கள். நூறு பேர் கேட்டால் ஐஸ் வரும்.

சபை உறுப்பினர்கள் கண்ணில் படும் வரை பகிருங்கள்.