அநாதைகள் இல்லாத அநாதை இல்லங்கள்

கருணையின் பெயரால் ஒரு காரியம் நடைபெறும்போது அதனை எதிர்த்துப் பேச எவரும் இலகுவில் துணிவதில்லை. துணிவோரைக் கல்நெஞ்சர் என்று உலகம் தூற்றும். ஆயினும் தூற்றலுக்கு அஞ்சி வாய்மூடியிருத்தல் பத்திரிகையின் கடமையன்று. கொடுக்கின்ற கையைக் கண்டு கும்பிடுவோர் பலர். அக்கை திரும்பும்போது எதனை எடுத்துச் செல்கின்றது என்று பார்ப்போர் மிகச் சிலர். அச்சிலரோடு நின்று இன்று சில கேள்விகளைக் கேட்க விரும்புகிறோம்.

ஆண்டுதோறும் அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா முதலிய செல்வ நாடுகளின் தேவாலயங்களிலிருந்து இளைஞரும் யுவதியரும் கூட்டங்கூட்டமாகப் புறப்படுகின்றனர். ஆபிரிக்காவிலோ, தென்கிழக்கு ஆசியாவிலோ, கரிபியன் தீவுகளிலோ உள்ள ஓர் அநாதை இல்லத்தை அடைகின்றனர். இரண்டு கிழமை தங்குகின்றனர். குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சுகின்றனர், பாட்டுப் படிப்பிக்கின்றனர், வேதக் கதை சொல்கின்றனர், சுவருக்கு வர்ணம் பூசுகின்றனர், படம் பிடிக்கின்றனர், கண்ணீர் சொரிந்து விடைபெறுகின்றனர். அடுத்த கிழமை இன்னொரு கூட்டம் வருகின்றது. இதற்கு ஊழியம் என்று பெயர்.

இவர்களுடைய நெஞ்சில் வஞ்சகம் உண்டென்று நாம் கூறவில்லை. பெரும்பாலோர் நல்ல பிள்ளைகளே. ஆனால் நல்லெண்ணம் வேறு, நல்விளைவு வேறு. பாம்பு கடித்தவனுக்குப் பாசத்தோடு தவறான மருந்தைக் கொடுத்தாலும் அவன் சாகத்தான் செய்வான். ஆகவே எண்ணத்தை விட்டு விளைவை ஆராய்வோம்.

2010 சனவரி 12 ஆம் நாள் ஹெயிட்டி நாட்டைப் பூகம்பம் சிதைத்தது. பதினேழு நாள் கழித்து, பெரும்பாலும் ஐடாஹோ மாநிலத்துப் பாப்திஸ்து சபைகளைச் சேர்ந்த அமெரிக்கர் பதின்மர், 33 குழந்தைகளை ஒரு பேருந்தில் ஏற்றிக்கொண்டு அயல்நாடாகிய டொமினிக்கன் குடியரசின் எல்லையை அடைந்தனர். இரண்டு மாதக் கைக்குழந்தை முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளை வரை அதில் இருந்தனர். கடப்பதற்குரிய பத்திரம் எதுவும் அவர்களிடம் இல்லை. எல்லைக்கப்பால் அநாதை இல்லம் ஒன்று அமைப்பது அவர்களுடைய திட்டம். ஹெயிட்டி அதிகாரிகள் அவர்களைக் கைதுசெய்தனர்.

பின்னர் வெளிவந்த உண்மை யாது? அந்த 33 பேரில் ஒருவரேனும் அநாதையல்லர் என்பதே! அசோசியேற்றட் பிரஸ் செய்தித் தாபனம் வீடுவீடாகச் சென்று விசாரித்து அதனை நிலைநாட்டியது. கல்பாஸ் என்னும் மலைக்கிராமத்து ஏழைப் பெற்றோர், கல்வியும் நல்வாழ்வும் கிடைக்கும் என்ற வாக்கை நம்பித் தம் பிள்ளைகளைத் தாமே கையளித்திருந்தனர். தான் அநாதையல்லள், தன் பெற்றோர் உயிரோடிருக்கின்றனர் என்று சிறுமி ஒருத்தி அழுதாள். பிள்ளைகள் வீடு திரும்பினர். அமெரிக்கக் குழுவின் தலைவிக்கு, ஒழுங்கற்ற பயணத்தை ஏற்பாடு செய்த குற்றத்துக்காக, ஏற்கெனவே சிறையில் கழித்த காலமே தண்டனையாயிற்று. அவளும் ஊர் போய்ச் சேர்ந்தாள்.

ஹெயிட்டியர் பதின்மர் பூகம்பம் நிகழ்ந்த ஓர் அமெரிக்க நகரிற் புகுந்து, 33 வெள்ளைக் குழந்தைகளைப் பேருந்தில் ஏற்றி எல்லை கடத்த முயன்றிருந்தால், அவர்களை உலகம் என்ன பெயரிட்டு அழைத்திருக்கும்? தொண்டர் என்றா அழைத்திருக்கும்? எண்ணிப் பாருங்கள்.

இஃது ஏதோ ஒரு சிலரின் அறியாமையால் நேர்ந்த விபத்து என்று தள்ளிவிட முடியாது. கம்போடியாவைப் பாருங்கள். 2005 இல் அங்கே 154 சிறுவர் இல்லங்கள் இருந்தன. 2010 இல் அத்தொகை 269 ஆயிற்று. ஐந்தாண்டுக்குள் முக்காற் பங்கு பெருகிவிட்டது! அந்த ஐந்தாண்டில் அங்கே போர் நடந்ததா? கொள்ளை நோய் வந்ததா? ஒன்றுமில்லை. பெருகியது அநாதைகளின் தொகையன்று. அநாதைகளைக் காண வருவோரின் தொகை. இல்லங்களில் இருந்த பிள்ளைகளுள் நூற்றுக்கு 77 பேருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்ததாக 2011 இல் அரசும் யுனிசெப் தாபனமும் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று.

சந்தையின் சூத்திரம் எமது கமக்காரருக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. புகையிலைக்கு விலை கிடைக்கும் ஆண்டில் எல்லாரும் புகையிலையே நடுவர். வெங்காயத்துக்கு விலை ஏறினால் வெங்காயம் நடுவர். அநாதைக் குழந்தையைக் காணக் கப்பலேறியும் விமானமேறியும் வந்து காசு கொடுப்போர் பெருகினால், அநாதைகளும் பெருகத்தான் செய்வர். உண்மையான அநாதை கிடையாவிடின், வறிய குடிசைகளிலிருந்து பிள்ளை திரட்டி அநாதை ஆக்குவர். "உன் மகனுக்குப் பள்ளிக்கூடம், மூன்று வேளைச் சோறு" என்று தரகன் சொல்லும்போது, பட்டினி கிடக்கும் தாய் என்ன செய்வாள்? பெற்ற வயிற்றைக் கட்டிக்கொண்டு பிள்ளையை விடுவாள். அக்கணமே அவள் கணக்கில் இறந்துபோனவள் ஆகின்றாள்!

அடுத்து, அக்குழந்தையின் உள்ளத்தைப் பார்ப்போம். நாற்றுமேடையிலிருந்து பிடுங்கிய நாற்றை ஒருமுறை நட்டு விட்டுவிட்டால் அது வேர்பிடிக்கும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை பிடுங்கிப் பிடுங்கி நடுவோமாயின் பயிராகுமா? புதிய அக்கா வருகிறாள், மடியில் வைத்துக் கொஞ்சுகிறாள், குழந்தை ஒட்டிக்கொள்கிறது, அவள் போய்விடுகிறாள். அடுத்த அண்ணன் வருகிறான், அவனும் போய்விடுகிறான். அந்நியர் வந்ததும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் குழந்தையைக் கண்டு, எத்துணை அன்புள்ள பிள்ளை என்று தொண்டர்கள் மகிழ்கின்றனர். பற்றிக்கொள்ள நிலையான கை இல்லாத குழந்தையே காணும் கையையெல்லாம் பற்றும் என்பதை அவர்கள் அறியார்.

இது வெறும் உவமையன்று. ருமேனியாவில் 1989 இல் செளசெஸ்குவின் ஆட்சி வீழ்ந்தபோது, ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் அரசாங்க இல்லங்களில் அடைபட்டுக் கிடந்தனர். 2000 ஆம் ஆண்டு தொடக்கம் புக்காரெஸ்ற் நகரில் நெல்சன், பொக்ஸ், சீனா என்னும் அமெரிக்க அறிஞர் மூவர் 136 குழந்தைகளை ஆராய்ந்தனர். ஒரு பாதியினர் வளர்ப்புக் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டனர். மறுபாதியினர் வழக்கம்போல் இல்லங்களில் இருந்தனர். குடும்பத்திடம் சென்ற குழந்தைகள் அறிவிலும் பிறரோடு பற்றுக்கொள்ளும் திறனிலும் முன்னேறினர். இரண்டு வயதுக்குள் சென்றோர் சிறப்பாக முன்னேறினர். இல்லத்தில் இருந்தோர் பின்தங்கினர்.

இவ்வுண்மை மேலைநாட்டாருக்குப் புதியதா? அன்று! 1909 இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ற் வாஷிங்ரனில் கூட்டிய மாநாடு, வறுமை ஒன்றையே காரணமாகக் கொண்டு பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்தல் ஆகாது என்று தீர்மானித்தது. 1911 இல் இலினோய் மாநிலம் வறிய தாய்மாருக்கு உதவிப்பணம் வழங்கத் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுக்குள் பெரும்பாலான மாநிலங்கள் அதனைப் பின்பற்றின. பிரித்தானியாவும் 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இல்லத்தைவிட வளர்ப்புக் குடும்பத்துக்கே முதலிடம் அளித்தது. தம் குழந்தைக்கு ஆகாதென்று ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே தள்ளிய முறையைப் பிறர் குழந்தைக்கு மாத்திரம் அறமென்று கட்டியெழுப்புவது எந்த நீதி? தம் வீட்டில் உண்ண மறுத்ததை அயல்வீட்டுக்குப் படைப்பது விருந்தோம்பலா?

காவல் என்னும் ஒரு விடயமும் உண்டு. தம் நாட்டில் ஒரு பாலர் பாடசாலைக்குள் நுழைவதற்குப் பொலிஸ் அத்தாட்சி கேட்கும் சமுதாயத்தார், பிறர் நாட்டிலே குழந்தைகள் துயிலும் அறை வரை எவ்விதத் தடையுமின்றிச் செல்கின்றனர். 2014 இல் நைரோபியில் ஒரு சிறுவர் இல்லத்துக்குத் தொண்டனாகச் சென்ற அமெரிக்க இளைஞன் ஒருவன், அங்குள்ள சிறுவர்களைப் பாலியல் வன்முறைக்கு உட்படுத்தியதாக 2015 இல் குற்றவாளியாகக் காணப்பட்டு, 2016 இல் 40 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றான். 2008 இல் கென்யாவிலே அநாதை இல்லம் நிறுவிய அமெரிக்க மிஷனரி ஒருவர், அத்தகைய குற்றங்களைத் தாமே 2020 இல் ஒப்புக்கொண்டு, அடுத்த ஆண்டில் 15 ஆண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனைக்கு ஆளானார். தொண்டர் அனைவரும் இத்தகையர் என்பது எமது வாதமன்று. கதவைத் திறந்து வைத்தால் நாயும் நுழையும் என்பதே எமது வாதம்.

வைத்தியர்களே, உங்களிடம் ஒன்று கேட்போம். மருத்துவம் படியாத யுவதி ஒருத்தி, கடவுள் தன்னை அழைத்தார் என்று கூறி, கடும் போசாக்கின்மையால் சாகக்கிடக்கும் குழந்தைகளை உங்கள் ஊரிலே தன் நிலையத்தில் வைத்துப் பராமரிக்க இடங்கொடுப்பீர்களா? உகண்டாவின் ஜிஞ்ஜா நகரில் அது நடந்தது. 2010 முதல் 2015 வரை அமெரிக்க மிஷன் நிலையமொன்றில் ஏற்கப்பட்ட 940 குழந்தைகளுள் 105 பேர் இறந்தனர். மாவட்ட அதிகாரிகள் 2015 இல் அந்நிலையத்தை மூடினர். 2019 இல் தாய்மார் இருவர் வழக்குத் தொடுத்தனர். அடுத்த ஆண்டில், தவறு எதனையும் ஒப்புக்கொள்ளாமலே, பணம் கொடுத்து வழக்குத் தீர்க்கப்பட்டது. வந்தவர்கள் நோயாளிக் குழந்தைகள், மருத்துவமனைகளிலும் அத்தகையோர் இறப்பதுண்டு என்று அந்நிலையத்தார் வாதித்தனர். அவ்வாறே இருக்கட்டும். தகுதியில்லாதவர் பொறுப்பேற்றது ஏன் என்ற கேள்விக்கு அது விடையாகுமா?

"இல்லத்தில் இராவிடின் அக்குழந்தை பட்டினியால் மாளுமே" என்று கேட்பாருளர். நியாயமான கேள்வி. பட்டினிக்கு மருந்து சோறு. தாயைப் பிரித்தல் அன்று. ஒரு பிள்ளையை இல்லத்தில் வைத்து வளர்ப்பதற்குக் கட்டடம், காவலாளி, முகாமையாளர், சமையற்காரர் எல்லாம் வேண்டும். அப்பணத்தைத் தாயின் கையிற் கொடுத்தால் அவள் ஒரு பசு வாங்குவாள், கோழி வளர்ப்பாள், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவாள். ஒரு தொண்டரின் விமானச் சீட்டுக்கு ஆகும் பணம் ஓர் ஏழைக் குடும்பத்தைப் பல மாதம் தாங்கும். மெய்யாகவே தாயும் தந்தையும் இழந்த பிள்ளைக்கும் பாட்டி உண்டு, மாமன் உண்டு, சிற்றன்னை உண்டு. அவர்களும் இல்லையாயின் வளர்க்க முன்வரும் குடும்பம் உண்டு. எல்லா வழியும் அடைபட்ட பின்னரே இல்லம். வறுமை மட்டுமே பிரிவினைக்குக் காரணமாகலாகாது என்று 2009 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற வழிகாட்டி நெறிகளும் கூறுகின்றன. 2019 இல் அதே சபை, அநாதை இல்லத் தொண்டுப் பயணங்களால் விளையும் தீங்கைத் தடுக்குமாறு நாடுகளை வற்புறுத்தியது.

"நீர் கிறித்துவத்துக்குப் பகைவர்" என்று சிலர் சினக்கலாம். அன்று. யாக்கோபின் நிருபத்தை அவர்களே எடுத்துப் படிக்கட்டும். திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் அவர்களுடைய துன்பத்தில் ஆதரிக்க வேண்டும் என்பதன்றோ அதன் போதனை? பிள்ளையையும் விதவையையும் அது ஒரே மூச்சிற் சேர்த்துச் சொல்கின்றது. சேர்த்துச் சொன்னதைப் பிரித்து, விதவையைக் குடிசையிலே விட்டுப் பிள்ளையை மாத்திரம் கொண்டுபோவது எந்த வேதம்? இவ்வுண்மையை உணர்ந்த கிறித்தவரும் உளர். அமெரிக்கக் கத்தோலிக்கரின் துயர்துடைப்புத் தாபனம் 2018 முதல் வேறு இரு தாபனங்களோடு சேர்ந்து, கென்யாவிலும் கௌத்தமாலாவிலும் பிள்ளைகளை இல்லங்களிலிருந்து குடும்பங்களுக்குத் திருப்பும் பணியில் இறங்கியது. அவர்களை மனமாரப் பாராட்டுகிறோம்.

யாழ்ப்பாணத்தார் மிஷனை அறியாதவரல்லர். 1847 இல் வந்த வைத்தியர் கிறீன் தமிழ் கற்று, மானிப்பாயிலே தமிழில் மருத்துவம் போதித்து, நூல்களைத் தமிழாக்கி, இடையில் ஊர் சென்று மீண்டும் வந்து, 1873 வரை உழைத்தார். அவருடைய சமயத்தோடு மாறுபட்டோரும் அவருடைய உழைப்பை மறுத்ததில்லை. தாம் போனபின் தம் இடத்தில் நிற்கத் தமிழ் வைத்தியர்களை அவர் உருவாக்கினார். இரண்டு கிழமைத் தொண்டர் எவரை உருவாக்கிச் செல்கின்றார்? அதே அமெரிக்க மிஷனின் விடுதிப் பாடசாலைகளில், செலவு கொடுத்த அமெரிக்கரின் பெயரை எமது பிள்ளைகளுக்குச் சூட்டும் வழக்கமும் இருந்தது. கொடுப்பவன் பிள்ளையின் பெயரையும் உரிமையாக்கிக் கொள்வான் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இறுதியாக, இக்கேள்வி கடல்கடந்தவருக்கு மட்டும் உரியதன்று. எமது நாட்டுச் சிறுவர் இல்லங்களிலும் பெற்றோர் உயிருடன் உள்ள பிள்ளைகள் பெருந்தொகையினர். பிறந்த நாளுக்கும் திவசத்துக்கும் அங்கே சோறு கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் உத்தியோகத்தரும் வைத்தியரும் சட்டத்தரணிகளும் எம்மிடையே உளர். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புவோரும் உளர். அவர்களை வேண்டுகிறோம்: அடுத்த முறை காசோலை எழுதுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இப்பிள்ளைகளுள் எத்தனை பேருக்குத் தாய் இருக்கிறாள்? அவள் எங்கே இருக்கிறாள்? சென்ற ஆண்டில் எத்தனை பிள்ளைகளை அவர்களுடைய வீட்டுக்குத் திருப்பி அனுப்பினீர்கள்? விடை கூறும் இல்லத்துக்குக் கொடுங்கள். விடை கூறாத இல்லத்துக்கு ஒரு சதமும் கொடாதீர்கள்.

கன்றைக் காப்பாற்ற விரும்புவோன் முதலிற் பசுவுக்குப் புல் போடுவான். கன்றை அவிழ்த்துக்கொண்டு போகிறவனுக்கு ஊரிலே வேறு பெயர் உண்டு.