சீன மொழியில் பறக்கும், தமிழில் பறக்காதா?



"சீனாவைப் பாருங்கள். ராக்கெட்டை மேலே அனுப்பி, திரும்பவும் தரையில் இறக்கப் பார்க்கிறார்கள். நாம் இன்னும் தமிழில் அறிவியல் படித்துக் கொண்டிருக்கிறோம். உருப்படுவோமா?"

கிள்ளான் வட்டாரப் பெற்றோரின் புலனக் குழுக்களில் இப்படியொரு செய்தி காணொலி இணைப்போடு சுற்றிக் கொண்டிருக்கிறது. பிரிக்பீல்ட்சில் அண்மையில் நான் சென்ற நூல் வெளியீட்டிலும், தேநீர் வேளையில் இதே பேச்சுதான். பேசியவர் தம் பிள்ளைகள் இருவரையும் சீனப்பள்ளியில் சேர்த்திருப்பதைப் பெருமையாகச் சொன்னார். அறிவியலுக்காகத்தானாம்!

ஐயா, மலேசியச் சீனப்பள்ளியில் அறிவியல் எந்த மொழியில் நடக்கிறது? சீன மொழியில். 2003ஆம் ஆண்டில் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்க வேண்டும் என்று அரசு ஆணையிட்டபோதுகூட, சீனக் கல்வி அமைப்புகள் போராடி, ஆங்கிலத்தோடு சீன மொழியிலும் கற்பிக்கும் ஏற்பாட்டைப் பெற்றன. நாம்தான் மறுபேச்சின்றி மாறினோம். அந்தத் திட்டம் கைவிடப்படும் என்று 2009இல் அறிவிக்கப்பட்டபோது, அந்த ஆண்டுகளை இழந்த மாணவர்களுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ஆக, தாய்மொழியில் அறிவியல் கற்பிக்கலாம் என்பதை அந்த நண்பர் மனமார ஏற்றுக்கொண்டுவிட்டார். அந்தத் தாய்மொழி தமிழாக இருக்கக்கூடாது என்பதுதான் அவருடைய ஒரே நிபந்தனை! இந்த மனநிலையைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

முதலில், காணொலியில் உள்ளது என்ன? அனுப்புகிறவர்கள் பலர் அதை முழுமையாகப் பார்ப்பதில்லை போலும். 2025 டிசம்பர் 3ஆம் நாள், சீனாவின் வடமேற்கிலுள்ள ஜியுசுவான் ஏவுதளத்திலிருந்து சூச்சுவே-3 என்னும் ஏவூர்தி கிளம்பியது. லேண்ட்ஸ்பேஸ் என்ற தனியார் நிறுவனம் கட்டியது. 66 மீட்டர் உயரம், துருப்பிடிக்காத எஃகு உடல், மீத்தேனை நீர்ம உயிர்வளியோடு சேர்த்து எரிக்கும் ஒன்பது இயந்திரங்கள். மேற்பகுதி சுற்றுப்பாதையை அடைந்தது. அடிப்பகுதி குறித்த இடத்தின் விளிம்புவரை வந்து, கடைசி நேரத்தில் தீப்பற்றி விழுந்து நொறுங்கியது. இருபது நாள் கழித்து, டிசம்பர் 23இல், அரசு நிறுவனத்தின் லாங் மார்ச் 12ஏ அதே முயற்சியில் இறங்கியது. அதுவும் சுற்றுப்பாதையை அடைந்தது. அதன் அடிப்பகுதியும் மீளவில்லை. அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் இந்த வித்தையை 2015 டிசம்பரில் செய்து காட்டியிருந்தது.

நான் ஏளனம் செய்யவில்லை. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் முதல் மூன்று ஏவுதல்களும் தோல்விதான். நான்காவது வென்றது. ஐந்தாவது, 2009 ஜூலையில், பசிபிக் கடலின் குவாஜலின் தீவுக்கூட்டத்திலிருந்து சுமந்து சென்றது நம் மலேசியாவின் ரசாக்சாட் துணைக்கோளை! நம் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இனி, மீண்டும் பயன்படும் ஏவூர்தி என்றால் என்ன என்பதை ஐந்தாம் ஆண்டு மாணவனுக்குச் சொல்வோம். கிள்ளான் துறைமுகத்திலிருந்து ஈப்போவுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் லோரியை எண்ணிப் பார். சரக்கை இறக்கியதும் அந்த லோரியைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு, மறுநாளைக்குப் புதிய லோரி வாங்கினால் என்ன ஆகும்? முதலாளி கடனாளியாவார். பல ஆண்டுகளாக விண்வெளிப் பயணம் அப்படித்தான் நடந்தது. லோரி திரும்பி வர வேண்டுமானால் திரும்பும் வழிக்கும் எண்ணெய் வேண்டும். ஏவூர்திக்கு வழியில் எண்ணெய்க் கடை கிடையாது. எல்லாவற்றையும் தானே சுமக்க வேண்டும். எண்ணெய் கூடினால் சரக்கு குறையும். இந்தக் கணக்கில்தான் பொறியியலாளர் தலையை உடைத்துக் கொள்கிறார்.

அடுத்து, துடைப்பத்தை உள்ளங்கையில் நிமிர்த்தி நிறுத்திப் பார். ஒரு பக்கம் சாயும்போது உன் கை அந்தப் பக்கம் ஓடும். ஏவூர்தி இறங்கும்போது இதைத்தான் செய்கிறது. மேலே வலை போன்ற சிறு துடுப்புகள் காற்றைப் பிடித்துத் திருப்புகின்றன. கீழே இயந்திரத்தின் வாய் சாய்ந்து சாய்ந்து நிமிர்த்துகிறது. தரை நெருங்கும்போது இயந்திரம் மீண்டும் மூண்டு வேகத்தைக் குறைக்கிறது. சற்று முன்னதாக மூண்டால் எண்ணெய் தீரும். சற்றுப் பிந்தினால் தரையில் மோதும்.

மேற்கண்ட இரண்டு பத்திகளில் எந்த இடத்தில் தமிழ் போதாமல் போயிற்று? யாராவது சுட்டிக் காட்டுங்கள்.

சீன மொழியில் ராக்கெட்டுக்குப் பெயர் 'ஹுவோ ஜியன்'. பொருள், தீ அம்பு. துணைக்கோளுக்கு அவர்கள் வழங்கும் சொல்லைத் தமிழில் சொன்னால் காவல் விண்மீன். ஏழு வயதுச் சீனப் பிள்ளை அந்தச் சொல்லைக் கேட்ட கணத்தில் பாதிப் பாடம் புரிந்துவிடுகிறது. நமக்கும் அப்படித்தான். 'உராய்வு' என்றால் உரசுவது கண்முன் நிற்கிறது. 'ஈர்ப்பு' என்றால் இழுப்பது தெரிகிறது. அதே பிள்ளைக்கு 'ஃபிரிக்‌ஷன்' என்பது வெறும் ஓசை. அதை ஒப்புவிக்கும், தேர்வில் எழுதும், மறந்தும் போகும்.

நம் ஏடுகளுக்கும் ஒரு குட்டு வைக்க வேண்டும். துணைக்கோளைச் சுமக்கும் ஊர்தியை 'ஏவுகணை' என்றே பலர் எழுதுகிறார்கள். கணை என்பது அம்பு, ஏவுகணை போர்க்கருவி. அமைதிப் பணிக்குச் செல்வது ஏவூர்தி. தமிழகத்தில் நடந்த கூத்து இதைவிடப் பெரிது. 2024 பிப்ரவரியில் குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டும் விழாவையொட்டி வந்த நாளிதழ் விளம்பரத்தில், ஏவூர்தியின் மேல் சீனக் கொடி! வடிவமைத்தவரின் பிழை என்று பிறகு விளக்கம் வந்தது. இணையத்தில் கிடைத்த படத்தை எடுத்து ஒட்டுகிறவர்களுக்கு எந்த ஏவூர்தியும் ஒன்றுதான். நம் வகுப்பறைச் சுவர்களையும் ஒருமுறை பாருங்கள், ஆசிரியர்களே.

சீனாவைக் கண்டு வாய்பிளக்கிறவர்கள் இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 2022 ஜூலை 31, நள்ளிரவு கடந்த வேளை. சரவாக் வானில் ஒளிக்கீற்றுகள் சிதறி ஓடின. எரிகல் என்று எண்ணிப் படம் பிடித்தார்கள். அது சீனாவின் லாங் மார்ச் 5பி. ஒரு வாரத்துக்கு முன் தன் விண்வெளி நிலையத்துக்கு ஆய்வுக்கூடம் ஒன்றை அனுப்பிய ஏவூர்தியின் அடிப்பகுதி, 20 டன்னுக்கும் மேற்பட்ட எடை. அது தானே சுற்றுப்பாதைவரை சென்றுவிடும். அங்கிருந்து இயந்திரத்தை மறுபடி இயக்கி, ஆளில்லாக் கடலில் இறக்கும் ஏற்பாடு அதற்கு இல்லை. ஓட்டுநர் இல்லாத லோரியை மலையிலிருந்து உருட்டிவிட்ட கதைதான். நம் தலைக்கு மேல் நடந்த அறிவியல் இது. எத்தனை பள்ளிகளில் மறுநாள் பாடமானது?

எதிர்த்தரப்பின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சீனாவின் விண்வெளித் திட்டத்துக்கு அடித்தளம் இட்ட கியான் சுவேசென் அமெரிக்காவில் ஆராய்ந்து, 1955இல் தாயகம் திரும்பியவர். இந்திய விண்வெளி நிறுவனத்தின் தலைவர் பொறுப்பை 2018இல் ஏற்ற சிவனும் 2025இல் ஏற்ற நாராயணனும் ஆங்கிலத்தில் உயர்கல்வி கற்றவர்கள்தாம். ஆனால் அவர்கள் இருவரும் கன்னியாகுமரி மாவட்டத்தில் தமிழ்வழிப் பள்ளியில் எழுத்தறிந்தவர்கள். முதல் சந்திரயானின் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரையும் தமிழ்வழிப் பள்ளியில் படித்தவரே. ஆங்கிலம் வேண்டாம் என்று எந்தத் தமிழாசிரியர் சொன்னார்? ஆங்கிலத்தை ஆங்கிலப் பாடத்தில் ஒழுங்காகக் கற்பியுங்கள். அறிவியல் பாடத்தை அதற்குப் பலி கொடுக்காதீர்கள். அதுவும், தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு ஆங்கிலத்தில் அறிவியல் படித்த பிள்ளை, இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் பெரும்பாலும் மலாயில் படிக்க நேரும். மூன்று மொழிகளுக்கு இடையில் பந்தாடப்படுவது யார்? கையெழுத்துப் போட்ட நாம் அல்லர்.

2016இல் வந்த இருமொழிப் பாடத்திட்டத்துக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் படிவம் புத்தகப்பையில் மடித்துக் கிடக்கும். காலையில் அவசரமாகக் கையெழுத்து வாங்கப்படும். "எல்லாரும் போட்டுவிட்டார்கள் அம்மா" என்று பிள்ளை சொல்லும். இதற்கு முன் ஒன்று செய்யுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழி, ஒரே பாடத்தை ஒரு வகுப்பில் தமிழிலும் அடுத்த வகுப்பில் ஆங்கிலத்திலும் நடத்திக் காட்டும்படி பள்ளியைக் கேளுங்கள். பாடம் ஏவூர்தியாகவே இருக்கட்டும். பின்வரிசையில் அமர்ந்து, எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் கை தூக்கி "ஏன் டீச்சர்?" என்று கேட்கிறார்கள் என்பதை ஒரு தாளில் எண்ணிக்கொண்டு வாருங்கள். படிவத்தை அன்று மாலை எடுத்துப் பார்க்கலாம்.