படியேறும் செயற்கைக் கால்

முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவருக்கும் தொடையோடு இழந்தவருக்கும் உள்ள வேறுபாடு படிக்கட்டில்தான் விளங்கும். முழங்கால் எஞ்சியிருந்தால் தொடைத் தசைகள் உடலை மேலே உயர்த்தும். அதுவும் போய்விட்டாலோ, நல்ல காலை முன்வைத்து, செயற்கைக் காலைப் பின்னே இழுத்து, ஒவ்வொரு படியிலும் நின்று நின்றே ஏற வேண்டும்.

ஜெர்மனியின் ஓட்டோபாக் நிறுவனம் 1997இல் வெளியிட்ட 'சீ-லெக்', நுண்கணிப்பொறியால் முழங்காலின் இறுக்கத்தை இடைவிடாது சீர்செய்து, அணிந்தவர் இடறி விழாமல் காத்தது. ஆயினும் அது மடிப்பைக் கட்டுப்படுத்துமேயன்றி உடலை உந்தி உயர்த்தாது. அவ்வலிமையை மோட்டாரால் அளிக்கும் முழங்கால் 2006இல் வந்தது.

பின்னர் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தார் முழங்கால், கணுக்கால் இரண்டிற்குமே மோட்டார் அமைத்தனர். சிக்காகோ ஆய்வாளர் வகுத்த முறைப்படி, அறுபட்ட நரம்புகள் தொடையில் எஞ்சிய தசைகளுடன் இணைக்கப்பட்டன. கணுக்காலை உயர்த்த மனம் எண்ணியதும் அத்தசை துடிக்கும். அத்துடிப்பை உணர்கருவிகள் அறிந்து மோட்டாரை இயக்கும். விபத்தில் காலிழந்த 31 வயது இளைஞர் ஒருவர், 2012 நவம்பரில் இக்காலுடன் சிக்காகோ வில்லிஸ் கோபுரத்தின் 103 மாடிகளையும் ஏறி முடித்தார்.

எண்ணத்தைக் கருவி ஒருமுறை பிழையாக அறிந்தாலும் மனிதர் படியில் உருண்டுவிடுவார். ஆகவே வலிமையினும் பிழையாமையே இங்கு அரிது. எடையும் விலையும் குறைந்து இத்தகைய கால் எளியோரை எட்டும் நாள் வரட்டும். அதுவரை, நம் ஆலயப் படியோரத்தில் பற்றி ஏற ஒரு கைப்பிடிக் கம்பியேனும் உண்டா என்று பார்ப்போமா?