மூவிலைக்கு இறம்பொடையில் பஞ்சமில்லை

மார்ச் 17 அயர்லாந்துக்காரர்களின் புனித பற்றிக் திருநாள். அன்று திரும்பிய பக்கமெல்லாம் பச்சை, பச்சைக்குள் மூவிலை. பரிசுத்த திரித்துவத்தை அந்த இலையைக் காட்டித்தான் பற்றிக் விளக்கினார் என்பது மரபுக் கதை. அந்த மூவிலையை நம் சின்னப் பிள்ளைகளும் செய்யலாம். மினுக்குத் தாள் தேடி நுவரெலியாவுக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. இறம்பொடையில் லயத்து வாசலோரப் புளியாரையைக் குனிந்து பாருங்கள்: ஒரு காம்பு, மூன்று சிற்றிலை, ஒவ்வொன்றும் இதய வடிவில். அயர்லாந்தின் செடி வேறு, குளோவர் இனம். பார்வைக்கு இரண்டும் அக்கா தங்கைதான். பழைய பேப்பருக்குள் வைத்துக் காயவிட்டு, கோதுமை மா பசையால் அட்டையில் ஒட்டினால் வாழ்த்து மடல் தயார்.

எனக்குப் பிடித்தது குடைமிளகாய் அச்சு. காயைக் குறுக்கே வெட்டி, பச்சைச் சாயத்தில் தோய்த்துத் தாளில் அழுத்த வேண்டும். மூன்று மடிப்புக் காய் மூவிலையாகவே பதியும். நான்கு மடிப்பு வந்தால் அதிர்ஷ்ட இலை! காம்பைப் பிள்ளையே விரலால் இழுத்துக்கொள்ளும். கத்தி மட்டும் பெரியவர் கையில்.

என் சண்டையும் அந்தப் பெரியவர்களோடுதான். முன்பள்ளிச் சுவரில் தொங்கும் ‘பிள்ளைகளின் ஆக்கங்கள்’ பல, டீச்சர் வெட்டி அம்மா ஒட்டியவை. மே மாத வெசாக் கூட்டிலும் இதே கதை. நாலு வயதுக் கை ஒட்டினால் கோணலாகத்தான் இருக்கும். அதை நேராக்காமல் அப்படியே மாட்டுங்கள், டீச்சர்.