அணுசக்திக் கப்பல் வந்தால் கூலி குறையுமா?

மாத்தளைக் கராம்பையும் சாதிக்காயையும் கொழும்பு வழியாக வெளிநாட்டுக்கு அனுப்பும் எமது வர்த்தகர்களுக்கு 2024ஆம் ஆண்டு நல்ல பாடம் புகட்டியது. செங்கடல் தாக்குதல்களால் ஐரோப்பா செல்லும் கப்பல்கள் ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றின. பயணம் பத்து நாட்களுக்கு மேல் நீண்டது, கூலியும் ஏறியது. எண்ணெய்ச் செலவே இல்லாத அணுசக்திக் கப்பலும் விமானமும் வந்தால் இந்தத் தொல்லை தீராதா?

விமானத்தை முதலில் ஒதுக்கி வைப்போம். அமெரிக்கா 1955 முதல் 1957 வரை ஓர் அணு உலையை விமானத்தில் ஏற்றிப் பறந்து பார்த்தது. அந்த உலை விமானத்தைச் செலுத்தவில்லை, கதிர்வீச்சுத் தடுப்பைப் பரிசோதிக்கவே ஏற்றப்பட்டது. தடுப்பின் பாரமே பெரும் சிக்கல். விழுந்து நொறுங்கினால் என்ன செய்வது என்பதற்கும் பதில் இல்லை. 1961இல் ஜனாதிபதி கென்னடி அத்திட்டத்தை நிறுத்தினார்.

கப்பலின் கதை வேறு. அதற்குப் பாரம் தடையல்ல. ஒருமுறை எரிபொருள் இட்டால் ஆண்டுக்கணக்கில் ஓடும். அமெரிக்காவின் ‘சவன்னா’ 1962இல் சேவைக்கு வந்தது. ஆனால் செலவு கட்டுப்படியாகாமல் பத்தாண்டுக்குள் ஒதுக்கப்பட்டது. ஜேர்மனியின் ‘ஓட்டோ ஹான்’ 1979இல் அணு உலையை நிறுத்தி, பின்னர் டீசலுக்கு மாறியது. ஜப்பானின் ‘முட்சு’வில் 1974இல் கதிர்வீச்சு கசிந்தபோது, மீனவர்களின் எதிர்ப்பால் அக்கப்பல் சொந்தத் துறைமுகத்துக்கே திரும்ப முடியாமல் வாரக்கணக்கில் கடலில் நின்றது.

ஆக, இயந்திரம் ஓடுமா என்பதல்ல கேள்வி. எந்தத் துறைமுகம் ஏற்கும், விபத்து நேர்ந்தால் யார் பணம் கட்டுவது என்பதே கேள்வி. அணுசக்திக் கப்பல் உரிமையாளரின் நட்டஈட்டுப் பொறுப்புக்காக 1962இல் பிரசல்ஸில் எழுதப்பட்ட சர்வதேச உடன்படிக்கை இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை.

எமக்கு இது தூரத்துக் கதையல்ல. 2021 ஏப்ரலில் யுரேனியச் சரக்குடன் ஒரு கப்பல் முன்னறிவித்தலின்றி அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்குள் வந்தது. அது அணுசக்தியால் ஓடும் கப்பலல்ல, சரக்கு மட்டுமே. அதையும் அதிகாரிகள் வெளியேற்றினர். மறுமாதமே ‘எக்ஸ்-பிரஸ் பேர்ள்’ கொழும்புக்கு அப்பால் தீப்பற்றியது. நூறு கோடி டொலர் நட்டஈடு செலுத்துமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட 2025 ஜூலை வரை காத்திருந்தோம். சாதாரண சரக்குக் கப்பலுக்கே நான்கு வருடங்கள்!

எனவே, அணுசக்திக் கப்பலை நம்பி எவரும் இன்று கூலிக் கணக்குப் போட வேண்டாம். அதேவேளை, அது வந்த பிறகு சட்டம் தேடும் நாடாகவும் நாம் இருக்கக் கூடாது. கப்பல் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், நட்டஈட்டுக்குக் காப்புறுதி காட்ட வேண்டும் என்ற விதிகளை இப்போதே வகுக்குமாறு வர்த்தக சங்கங்கள் அரசாங்கத்திடம் கேட்க வேண்டும். பிணையின்றிக் கடன் கொடுக்காத வியாபாரி, பிணையில்லாத கப்பலுக்கு மட்டும் துறைமுகத்தைத் திறக்கச் சொல்லலாமா?