செவிலியர் பணியும் அதன் அளவும்

ஆனி, ஆடித் திங்கள்களில் சாரல் வீசும்போது குற்றாலம் வருவோர் அருவியில் நீராடி மகிழ்ந்து மீள்வர். தென்காசியைச் சூழ்ந்த சிற்றூர்களில் அதே சாரலில் நனைந்து, தோளில் பையும் கையில் பதிவேடுமாக வீடு வீடாகச் செல்லும் கிராம சுகாதாரச் செவிலியரை அவர்கள் காண்பது அரிது. நாள்தோறும் காணும் ஊராரும் அவரை ‘ஊசி போடும் அம்மா’ என்றே அறிவர். அவர் பணி அவ்வளவுதானா?

செவிலி என்பது பழந்தமிழ்ச் சொல். சங்கப் பாடல்களில் வரும் செவிலித்தாய், வளர்த்த மகளின் முகவாட்டம் கண்டே அவள் உள்ளத்தை அறிய முயல்பவள். அப்பெயர் ஊர்ச் செவிலியருக்கு நன்கு பொருந்தும். மருத்துவமனைச் செவிலியரை நோயாளர் நாடி வருகின்றனர். இவரோ நோய் வருமுன்பே வீட்டை நாடிச் செல்கின்றார். சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசு வகுத்த நெறி. அத்தனை பேருக்கும் நோய் வாராமற் காத்தலே இவர் தொழில். வாராத நோயை எங்ஙனம் எண்ணுவது? இடர்ப்பாடு இங்கேதான் உள்ளது.

எண்ணுவதே தவறு என்பாரும் உளர். அது பொருந்தாது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் செவிலியர் மட்டுமல்லர், கணக்கிலும் வல்லவர். கிரிமியப் போரில் காயத்தால் இறந்த வீரரைவிட நோயால் இறந்தோரே மிகப் பலர் என்பதை 1858 ஆம் ஆண்டில் வரைபடங்களால் மெய்ப்பித்தார். அவர் எண்ணியது கட்டிய கட்டுகளையன்று, போன உயிர்களை.

தென்காசி வட்டாரத்தில் பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்கள் பலர். அவர்களுள் கருவுற்ற ஒருத்திக்கு 180 நாட்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை தரப்படுகின்றது. தந்தவுடன் கணக்கு முடிகின்றது. அவளோ குமட்டலுக்கு அஞ்சி அவற்றைப் பெட்டியில் வைத்துவிடலாம். அருகமர்ந்து காரணம் கேட்டு, உணவுக்குப்பின் உண்ணுமாறு தேற்றும் செவிலியரும், கொடுத்துவிட்டு அடுத்த வீடு செல்பவரும் ஏட்டில் ஒரே எண்ணாகவே நிற்பர். பேற்றுக்கு முன் அப்பெண்ணின் குருதிவளம் எவ்வளவு உயர்ந்தது என்பதே உண்மையான அளவு. அவ்வளவும் முழுமையன்று. உலையேறாத வீட்டின் ஊட்டக்குறைவைச் செவிலியர் தலையில் சுமத்துதல் நீதியாகாது.

2012 ஆம் ஆண்டில் கடையநல்லூரில் டெங்குக் காய்ச்சல் பரவி உயிர்களைக் கொண்டது. அந்நோயைப் பரப்பும் கொசு, வீட்டில் சேமித்த தெளிந்த நீரில் முட்டையிடும். சாக்கடையைப் பழித்துப் பயனில்லை. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாட்கள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை குடத்தையும் தொட்டியையும் தேய்த்துக் கழுவ வீட்டாரை இணங்கச் செய்தல் வேண்டும். நூறு வீடுகளுள் எத்தனையில் கொசுப்புழு உள்ளது என்று காண்பது பொதுச் சுகாதாரத் துறையினர் கையாளும் அளவு. ‘எத்தனை வீடு சென்றீர்?’ என்னும் வினாவைவிட அது எவ்வளவோ நேர்மையானது.

இன்று பதிவேட்டிலும் கணினியிலுமாக ஒரே செய்தியை இருமுறை எழுதும் நிலை இருக்குமாயின், அது செவிலியரின் பொழுதை வீணே உண்பதாகும். ஒருமுறை எழுதினால் போதும் என்று விதித்து, மிஞ்சும் நேரத்தை வீடுகளுக்கு அளிக்கலாம். அச்சத்தால் தடுப்பூசி மறுத்த தாய் ஒருத்தி மூன்றாம் முறை பேசியபின் இணங்கினாள் எனில், அம்மூன்று நடைகளையும் குறிக்க ஏட்டில் ஒரு கட்டம் இருத்தல் வேண்டும்.