தூண்டிலும் தனிமையும்: ஒரு மறுப்பு

மீன்பிடித்தல் என்றதும் நம் இலக்கிய வாசகர்கள் மனதில் ஒரு சித்திரம் எழுந்துவிடுகிறது: தனியொரு மனிதன், ஒரு தூண்டில், மௌனம். மனைவி மக்கள், நண்பர்கள், சமையல் பாத்திரங்கள் சகிதம் படகேறுபவன் அவர்கள் கண்ணுக்கு வெறும் உல்லாசப் பயணி. ரசனை என்ற பெயரில் உலவும் இந்த மேட்டிமை இலக்கியத்தையும் சரியாக வாசிக்கவில்லை, ஆற்றையும் அறியவில்லை.

இவர்கள் சாட்சிக்கு அழைக்கும் நூல்களையே எடுத்துக்கொள்வோம். ஐசக் வால்டனின் 'தி கம்ப்ளீட் ஆங்லர்' (1653) வழித்துணைவர்களின் உரையாடல். நார்மன் மக்லீனின் 'எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்' (1976) ஒரு தந்தையும் இரு மகன்களும் சேர்ந்து தூண்டில் வீசிய ஆற்றின் கதை. 'கிழவனும் கடலும்' (1952) நாவலில் சாந்தியாகோ நடுக்கடலில் திரும்பத் திரும்ப ஏங்குவது, உடன் வராத அந்தச் சிறுவனுக்காகவே. ஹெமிங்வேயின் 'பிக் டூ-ஹார்ட்டட் ரிவர்' (1925) மட்டுமே உண்மையில் தனியனின் கதை. ஆனால் அந்த நிக் போரிலிருந்து மீண்டவன். கதையில் போரைப் பற்றிய பேச்சே இல்லை. அங்கே தனிமை என்பது காயத்துக்குப் போட்ட கட்டு. அதை எடுத்துக் கிரீடமாகச் சூடிக்கொள்வது என்ன வாசிப்பு?

இனி ஆற்றுக்கு வருவோம். அமெரிக்காவின் ஆர்க்கன்சா, மிசௌரி மாநிலங்களில் விரியும் ஓசார்க் மலைப்பகுதியில் 'ஃப்ளோட் டிரிப்' எனப்படும் மிதவைப் பயணம் நெடிய மரபு. தட்டையான அடிப்பாகம் கொண்ட நீண்ட படகு நீரோட்டத்தோடு இறங்கும். கரையோர நிழலில் தூண்டில் வீசுவார்கள். மாலையில் கூழாங்கல் திட்டில் அடுப்பு மூட்டி, பிடித்த மீனைப் பொரித்துக் கூடி உண்பார்கள். இதற்குப் பேர்பெற்ற வொயிட் ஆற்றின் குறுக்கே 1951இல் புல் ஷோல்ஸ் அணையும் 1958இல் டேபிள் ராக் அணையும் எழுந்தன. மிதந்து சென்ற தடங்கள் மூழ்கின. அணையின் ஆழத்திலிருந்து வெளிவந்த குளிர்நீர் பழைய பாஸ் மீன்களுக்கு ஒவ்வவில்லை. டிரவுட் மீன்களைக் கொண்டுவந்து விட்டார்கள்.

அதன் துணையாறான பஃபலோவுக்கும் அணைத் திட்டம் வந்தது. 1962இல் மருத்துவர் நீல் காம்ப்டன் முதலானோர் ஓசார்க் சங்கம் கண்டு எதிர்த்தனர். அவர்களுடைய ஆயுதங்களுள் ஒன்று படகுப் பயணம். உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் அவ்வாண்டு அந்த ஆற்றில் மிதந்து சென்றது நாடெங்கும் கவனம் பெற்றது. 1972இல் பஃபலோ அந்நாட்டின் முதல் தேசிய ஆறாயிற்று. அதற்காக நிலம் இழந்த கரையோர விவசாயிகளின் கோபம் நியாயமானதே. ஆயினும் ஆறு இன்றும் அணையின்றி ஓடுகிறது.

கும்பல் வந்தால் குப்பையும் கூச்சலும் வரும் என்பார்கள். வரும்தான். அதற்கு விதிகள் வேண்டும், இளக்காரம் அல்ல. வொயிட் ஆற்றின் கதி பஃபலோவுக்கு நேராமல் தடுத்தது கூடிப் படகேறியவர்களின் கூட்டுக் குரல். தன் பிள்ளையை ஒருமுறையேனும் ஆற்றுக்கு அழைத்துப் போகாதவன், அந்த ஆறு மூழ்கும் நாளில் யாருடன் சேர்ந்து நிற்பான்? தனிமையின் உபாசகர்கள் பதில் சொல்லட்டும்.